வியா கம்பெசினா: உழவர் பேரில் யார் பேசுவது?

1993 மே மாதம். பெல்ஜியத்தின் மான்ஸ் நகரில் பல கண்டங்களிலிருந்து வந்த 46 விவசாயத் தலைவர்கள் கூடினார்கள். கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தது பவுலோ ஃப்ரெய்ரே அறக்கட்டளை என்ற நெதர்லாந்துத் தொண்டு நிறுவனம். அதன் மனதில் இருந்தது ஓர் ஆய்வுத் திட்டம். விவசாய அமைப்புகள் தத்தம் நாட்டு வேளாண் கொள்கையை ஆராய வேண்டும், அந்த ஆய்வுகளைத் தொண்டு நிறுவனம் ஒருங்கிணைக்கும். வந்தவர்களின் எண்ணம் வேறு. ஆராய்ச்சி பிறகு இருக்கட்டும், முதலில் எங்களுக்கென்று ஓர் உலக அமைப்பு வேண்டும், அதை நாங்களே நடத்துவோம் என்றார்கள். இழுபறிக்குப் பின் லா வியா கம்பெசினா முறைப்படி உருவானது. தொண்டு நிறுவனத்துடனான உறவு அங்கிருந்தே கசக்கத் தொடங்கியது.

இந்த அமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘உணவு இறையாண்மை’ என்ற கோட்பாட்டில் தொடங்குவார்கள். அது மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. மான்ஸில் முதலில் தீர்க்கப்பட்டது கொள்கை அல்ல, நாற்காலி. உழவர் பேரில் பேச யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பது. பின்னால் வந்த குறிக்கோள்களும் சண்டைகளும் சறுக்கல்களும் பெரும்பாலும் அந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை. இந்த ஆய்வு அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போகிறது.

மனாகுவாவுக்கு முன்

விதை விழுந்தது ஓராண்டு முன்னால். 1992 ஏப்ரலில் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் அந்நாட்டு விவசாயிகள் சங்கமான யூனாக்கின் மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த மத்திய அமெரிக்கா, கரீபியன், வட அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த எட்டு அமைப்புகள் தனியே உட்கார்ந்து பேசி ‘மனாகுவா அறிவிப்பு’ என ஒன்றை வெளியிட்டன. கனடாவில் கோதுமை விதைக்கிறவருக்கும் ஹோண்டுராஸில் மக்காச்சோளம் போடுகிறவருக்கும் பொதுவாக என்ன இருக்க முடியும்? இருந்தது. இருவர் விளைபொருளின் விலையும் இருவருக்கும் தெரியாத ஓரிடத்தில் முடிவாகிக்கொண்டிருந்தது.

அந்த இடம் ஜெனீவா. ஜெனீவாவை மையமாகக் கொண்ட காட் என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்தின் புதிய சுற்றுப் பேச்சு 1986 செப்டம்பரில் உருகுவேயின் புந்தா தெல் எஸ்தேயில் தொடங்கியது. அதுவரை பெரும்பாலும் ஆலைப் பொருட்களைச் சுற்றியே ஓடிய வர்த்தக விதிகளுக்குள் வேளாண்மையும் முழுமையாக இழுக்கப்பட்டது அப்போதுதான். 1990 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் அமைச்சர்கள் கூடியபோது சுமார் 30,000 விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். 1991 டிசம்பரில் காட் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல் ஒரு முழு வரைவை மேசையில் வைத்தார். நம் ஊர்ப் பக்கமும் தொண்ணூறுகளில் ‘டங்கல்’ என்பது ஓர் ஆளின் பெயராக இல்லாமல் ஆபத்தின் பெயராகவே புழங்கியது. அந்த வரைவுதான் சில திருத்தங்களோடு 1994 ஏப்ரலில் மராகேஷில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தமானது.

அந்த ஒப்பந்தத்தின் உள்கணக்கு தெரியாமல் விவசாயிகளின் கோபம் புரியாது. எனவே சற்று நின்று பார்ப்போம்.

இறக்குமதி வரியில் தொடங்கலாம். வளர்ந்த நாடுகள் ஆறு ஆண்டுகளில் சராசரியாக 36 சதவீதமும், ஒவ்வொரு பொருளிலும் குறைந்தது 15 சதவீதமும் வரியைக் குறைக்க வேண்டும். வளரும் நாடுகளுக்குப் பத்து ஆண்டுகளில் 24, பொருளுக்குக் குறைந்தது 10. பார்வைக்கு வளர்ந்த நாடுகள்தான் அதிகம் விட்டுக்கொடுப்பது போலிருக்கும். சூட்சுமம் ‘சராசரி’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு நாடு யாருக்கும் வேண்டாத ஒரு பொருளின் 4 சதவீத வரியைச் சுழியமாக்கினால் அது 100 சதவீதக் குறைப்பு. தான் பாதுகாக்க நினைக்கும் பொருளின் 100 சதவீத வரியை 85 ஆக்கினால் 15 சதவீதக் குறைப்பு. இரண்டின் சராசரி 57.5. கடமை நிறைவேறிவிட்டது, கதவும் திறக்கவில்லை. எவ்வளவு வர்த்தகம் நடக்கும் பொருள் என்ற எடையே அந்தச் சராசரியில் இல்லை.

அடுத்தது குறைந்தபட்ச நுழைவு. ஒரு பொருள் அதுவரை வெளியிலிருந்து வராமலே இருந்தாலும், உள்நாட்டு நுகர்வில் 3 சதவீதம் அளவுக்குக் குறைந்த வரியில் வழிவிட வேண்டும், அதைப் படிப்படியாக 5 ஆக்க வேண்டும். தென்கொரியா அரிசிக்கு மட்டும் சலுகை பெற்றது. 1995இல் 1 சதவீதத்தில் தொடங்கி 2004இல் 4 சதவீதம். சொந்த அரிசி போதுமான அளவு விளைகிற நாட்டில், சிறு விவசாயிக்கு அந்த 4 சதவீதமே விலையை அசைக்கப் போதும்.

மூன்றாவது மானியம், அதாவது பெட்டிக் கணக்கு. சந்தை விலையைப் பாதிப்பவை மஞ்சள் பெட்டி, உற்பத்திக்கு வரம்பு வைத்துக் கொடுப்பவை நீலப் பெட்டி, பாதிக்காதவை எனக் கருதப்படுபவை பச்சைப் பெட்டி. மஞ்சளை மட்டும் வளர்ந்த நாடுகள் 20 சதவீதம் குறைக்க வேண்டும். எதிலிருந்து? 1986-88 அளவிலிருந்து. அது மேற்கு நாடுகளில் மானியம் உச்சத்தில் இருந்த காலம். ஐரோப்பா 1992இலேயே விலை ஆதரவைக் குறைத்து விவசாயிக்கு நேரடிப் பணமாக மாற்றிவிட்டது. அந்தத் தொகை நீலத்துக்குள் போனது. முன்பு மானியமே பெரிதாகக் கொடுக்காத ஏழை நாடுகளுக்கு உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு மட்டும் மிஞ்சியது. ஏற்கெனவே கொடுத்தவர் தொடர்ந்து கொடுக்கலாம், கொடுக்காதவர் இனிக் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தின் சாரத்தை இதைவிடச் சுருக்கிச் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கின் கொடுக்கு இன்னும் மழுங்கவில்லை. அரசு கொள்முதல் விலைக்கும், ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொள்ளும் உலகச் சந்தை விலையான ‘வெளிக் குறிப்பு விலை’க்கும் உள்ள வித்தியாசத்தைக் கொள்முதலுக்குத் தகுதியுள்ள அளவால் பெருக்கினால் வருவது மானியம். ஆனால் அந்தக் குறிப்பு விலை 1986-88 விலையில் உறைந்து நிற்கிறது. முப்பது ஆண்டு விலைவாசி உயர்வு அதில் ஏறவே ஏறாது. அதனால் 2018-19 அரிசிக்கு இந்தியா காட்டிய கணக்கில் உற்பத்தி மதிப்பு சுமார் 4,367 கோடி டாலர், மானியம் சுமார் 500 கோடி டாலர். பத்து சதவீத வரம்பு தாண்டிவிட்டது. 2013 பாலி மாநாட்டில் கிடைத்த இடைக்காலப் பாதுகாப்பைக் காட்டித்தான் இந்தியா தப்பித்தது.

1993 டிசம்பரில், பேச்சு முடியும் தறுவாயில், 5,000 விவசாயிகள் ஜெனீவாவில் ஊர்வலம் போனார்கள். உள்ளே யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

ஏற்கெனவே ஓர் அமைப்பு இருந்ததே?

இருந்தது. 1946இல் லண்டனில் தொடங்கிய பன்னாட்டு வேளாண் உற்பத்தியாளர் கூட்டமைப்பு. ஐ.நா.விலும் அதற்கு ஆலோசனைத் தகுதி உண்டு. ‘உழவர் குரல்’ வேண்டும் என்றால் அரசுகளும் ஐ.நா. அமைப்புகளும் அதையே அழைத்தன. ஆனால் அதில் கை ஓங்கியிருந்தவை பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பெரிய சங்கங்கள். தாராள வர்த்தகம் வந்தே தீரும், அதில் நமக்குக் கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்குவோம் என்பது அதன் போக்கு.

எனவே மான்ஸில் கூடியவர்களுக்கு இரண்டு பக்கமும் பிடுங்கல். ஒரு பக்கம் உழவர் பேரைச் சொல்லிப் பெரிய பண்ணைக்காரர் பேசினார். மறுபக்கம் உழவர் பேரைச் சொல்லித் தொண்டு நிறுவனம் பேசியது. அந்தப் பழைய கூட்டமைப்பு 2010இல் நிதி நெருக்கடியில் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே அதன் இடத்தில் உலக விவசாயிகள் அமைப்பு என ஒன்று வந்தது. போட்டி அதோடு முடிந்துவிடவில்லை என்று பொருள்.

மொழிபெயர்க்காமல் விட்ட பெயர்

பெயரைப் பற்றியும் மான்ஸில் வாக்குவாதம் நடந்தது. ‘கம்பெசினோ’ என்ற ஸ்பானியச் சொல்லில் ‘கம்போ’ இருக்கிறது. வயல், நாட்டுப்புறம் என்று பொருள். நாட்டுப்புறத்தில் மண்ணை நம்பி வாழ்கிற எல்லாரும் அதில் அடங்குவர். அதற்கு ஆங்கிலத்தில் நேராக வரும் சொல்லில் பண்ணையடிமைக் காலத்து நாற்றம் அடிக்கிறது என்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் பெயரை மொழிபெயர்க்காமலே விட்டார்கள். ‘உழவர் வழி’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. ‘விவசாயி’ என்றால் நிலம் வைத்திருப்பவர். அவர் வயலில் நடவு நடுகிறவர் ‘விவசாயக் கூலி’. ஒரே வயல், இரண்டு பெயர். ‘கம்பெசினோ’ இருவரையும் ஒரே குடைக்குள் நிறுத்துகிறது. சொல்லில் நிறுத்துவது எளிது. அமைப்பில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது பின்னால் தெரிந்தது.

யார் உள்ளே, யார் வெளியே

அமைப்பின் கட்டுமானத்தில் முதல் விதி இதுதான்: உறுப்பினராவது தனிநபர் அல்ல, அமைப்பு. அந்த அமைப்பும் விவசாயிகள், நிலமற்றவர்கள், பண்ணைத் தொழிலாளர்கள், பழங்குடிகள் போன்றோர் தாங்களே நடத்துவதாக இருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்கள் கூட்டாளியாகலாம், உறுப்பினராக முடியாது. இதைத் தொண்டு நிறுவனப் பகை என்று படிப்பது தவறு. நில உரிமைப் பிரச்சாரத்தில் உணவுரிமை அமைப்பான ஃபியானுடன் 1999 முதல் சேர்ந்தே வேலை செய்தார்கள். பணம், சட்ட அறிவு, மொழிபெயர்ப்பு, ஐ.நா. நுழைவுச்சீட்டு எல்லாம் கூட்டாளிகள் தரலாம். அறிக்கையில் கையெழுத்துப் போடுவது மட்டும் உழவர்.

அதிகாரம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூட வேண்டிய பன்னாட்டு மாநாட்டிடம் இருக்கிறது. மான்ஸுக்குப் பின் மெக்சிகோவின் த்லாஸ்கலா (1996), பெங்களூரு (2000), பிரேசிலின் இதாய்சி (2004), மொசாம்பிக்கின் மபூதோ (2008), ஜகார்த்தா (2013), பாஸ்க் நாட்டின் தெரியோ (2017), கொலம்பியாவின் போகோதா (2023) என்று வரிசை. இடையில் வட்டாரப் பிரதிநிதிகள் அடங்கிய ஒருங்கிணைப்புக் குழு முடிவெடுக்கும்.

செயலகத்துக்கு நிரந்தர முகவரி கிடையாது. ஹோண்டுராஸின் தெகுசிகல்பாவில் ரஃபேல் அலெக்ரியா, ஜகார்த்தாவில் ஹென்றி சராகி, 2013 முதல் ஹராரேயில் எலிசபெத் ம்போஃபு, அடுத்து பிரான்ஸில் மோர்கன் ஓதி என்று பொறுப்பு கண்டம் விட்டுக் கண்டம் நகர்கிறது. எந்த நாட்டுச் சங்கம் ஏற்கிறதோ அதன் நிழலில் செயலகம் இயங்கும். ஜெனீவாவிலோ ரோமிலோ ஒரு கட்டடம் எடுத்து உட்கார்ந்தால் ஐந்தே ஆண்டில் அலுவலர்கள்தான் அமைப்பு என்றாகிவிடும் என்ற பயமே காரணம். இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு இடமாற்றத்திலும் பதிவுச் சட்டம், வங்கிக் கணக்கு, விசா, அலுவலக மொழி, ஆள் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். பழகிய கை போய்ப் புதுக் கை வரும்வரை வேலை தடுமாறும்.

கூட்டம் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாள் தொடங்குவது ‘மிஸ்டிகா’வில். லத்தீன் அமெரிக்க நிலமற்றோர் இயக்கங்களிடமிருந்து வந்த வழக்கம். அரங்கின் நடுவே தரையில் அந்தந்த நாட்டு விதை, மண், பூ, கருவி என்று பரப்பி, பாட்டோ சிறு நாடகமோ நடக்கும். பச்சைத் துண்டு கழுத்தில் இருக்கும். வெளியாளுக்கு இது சடங்கு போலத் தோன்றலாம். பேச்சு மொழி பொதுவாக இல்லாத நூற்றுக்கணக்கானோர் ஒரே அறையில் உட்காரும்போது, காதில் மாட்டிய கருவியில் மொழிபெயர்ப்பு வரத் தொடங்குமுன் அவர்களை ஒன்றாக்க வேறு வழி அதிகமில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்கள் அசந்தால் கூட்டம் நின்றுவிடும்.

அமைப்பு இன்று தரும் கணக்கு: 81 நாடுகள், சுமார் 180 அமைப்புகள், சுமார் 20 கோடிப் பேர். கடைசி எண்ணைக் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தலை எண்ணிப் பார்த்ததல்ல அது. உறுப்பு அமைப்புகள் தங்களுக்கு இருப்பதாகச் சொல்லும் எண்ணிக்கைகளின் கூட்டல்.

த்லாஸ்கலா, ஏப்ரல் 1996

இரண்டாவது மாநாடு நடந்துகொண்டிருந்த நாட்களில் பிரேசிலிலிருந்து செய்தி வந்தது. ஏப்ரல் 17 அன்று பாரா மாநிலத்தில் எல்டொராடோ தோஸ் கராஜாஸ் அருகே, நிலம் கேட்டு மாநிலத் தலைநகர் பெலேம் நோக்கி நடந்த நிலமற்றோர் இயக்கத்தினர் நெடுஞ்சாலையை மறித்திருந்தார்கள். மாநில ராணுவப் போலீஸ் சுட்டது. அங்கேயே 19 பேர் இறந்தார்கள். வழக்கில் தண்டனை பெற்றவர்கள் தலைமை தாங்கிய இரண்டு அதிகாரிகள் மட்டுமே. அவர்களும் சிறைக்குப் போனது 2012இல். மாநாடு ஏப்ரல் 17ஐ உலக உழவர் போராட்ட நாளாக அறிவித்தது. இன்றும் அந்த நாள் அனுசரிக்கப்படுகிறது.

உணவு இறையாண்மை என்ற கோரிக்கை திரண்டதும் த்லாஸ்கலாவில்தான். அதே ஆண்டு நவம்பரில் ரோமில் நடந்த உலக உணவு உச்சி மாநாட்டில் அதை வெளியே வைத்தார்கள். அங்கே அரசுகள் பேசியது ‘உணவுப் பாதுகாப்பு’. ஒருவருக்குப் போதிய, சத்தான உணவு எப்போதும் கிடைக்க வேண்டும் என்பது. நல்லதுதானே, இதில் என்ன குறை? எங்கே விளைந்தது, யார் விளைவித்தார், என்ன விலைக்கு, யார் முடிவெடுத்தார் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. மானியத்தில் மலிந்த அரிசி கப்பலில் வந்து இறங்கினாலும் கணக்குப்படி உணவுப் பாதுகாப்பு வந்துவிடும். ஹைத்தி 1995இல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தது. அமெரிக்க அரிசி குவிந்தது. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கின் நெல் விவசாயிகள் நொடித்துப்போனார்கள். அந்தக் கொள்கைக்குத் துணைநின்ற பில் கிளிண்டனே 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

உணவு இறையாண்மை கேட்பது வேறு. என்ன விளைவிப்பது, எப்படி விளைவிப்பது, எதை எல்லையில் நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை அந்தந்த மக்களுக்கு வேண்டும். விவசாயிக்குச் செலவை ஈடுகட்டும் விலை, நிலச் சீர்திருத்தம், விதை மீதான உரிமை, மலிவு விலைக் குவிப்புக்குத் தடை, வேளாண்மையிலிருந்து உலக வர்த்தக அமைப்பு வெளியேறுவது ஆகியவை அதன் உறுப்புகள். வர்த்தகமே கூடாது என்று அது சொல்லவில்லை. பலர் தவறாகப் பிடிக்கும் இடம் இது. உள்ளூர்ச் சந்தைக்கு முதலிடம், மிஞ்சினால் வெளிச் சந்தை.

ரோமில் இன்னொன்றும் நடந்தது. இணையாகக் கூடிய தொண்டு நிறுவன மன்றத்தின் இறுதி அறிக்கையில் வியா கம்பெசினா கையெழுத்திட மறுத்தது. எங்கள் கோரிக்கைகளை அது முழுதாகச் சொல்லவில்லை என்பது காரணம். மான்ஸ் விதி அங்கேயும் வேலை செய்தது.

2007 பிப்ரவரியில் மாலியின் செலிங்கே கிராமத்தில் 80க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 500க்கு மேற்பட்டோர் கூடி இந்தக் கோட்பாட்டை விரித்து எழுதினார்கள். ந்யெலெனி என்ற பழங்கதை உழவுப் பெண்ணின் பெயரை அந்தக் கூட்டத்துக்கு வைத்தார்கள். அங்கே மீனவர், மேய்ப்பர், நுகர்வோர் எல்லாரும் இருந்தார்கள்.

பெண்கள் கேட்டபோது

நாற்காலிக் கேள்வி ஒருநாள் உள்ளே திரும்பத்தானே வேண்டும். மான்ஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட வட்டார ஒருங்கிணைப்பாளர் எல்லாரும் ஆண்கள். த்லாஸ்கலாவில் ஏழு பேரில் ஒருவர் பெண், கனடாவின் நெட்டி வீப். நாற்று நடுவதும் விதை காப்பதும் பெண், மேடையில் பேசுவது ஆண் என்றால், ‘எங்கள் பேரில் பிறர் பேசக் கூடாது’ என்ற விதிக்கு என்ன பொருள்? த்லாஸ்கலாவில் அமைந்த பெண்கள் குழு நாடு நாடாகக் கூட்டங்கள் நடத்தியது. 2000 அக்டோபரில் பெங்களூரு மாநாட்டுக்கு முன் பெண்களின் முதல் பன்னாட்டு அவை கூடியது. மாநாட்டில் விதி மாறியது: ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் ஆண், ஒரு பெண் ஒருங்கிணைப்பாளர். ஊக்கத்தொகை, பயிற்சி என்று சுற்றி வளைக்காமல் இடத்தையே சரிபாதியாகப் பிரித்தது இந்த அமைப்பின் துணிச்சலான முடிவுகளில் ஒன்று. விதி வந்ததும் நாட்டுச் சங்கங்களும் பேராளர் பட்டியலுக்குப் பெண்களைத் தேட வேண்டியதாயிற்று.

தெருவில்

1999இல் ஐரோப்பா ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சியை மறுத்ததற்காக அமெரிக்கா பிரான்சின் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி போன்ற பொருட்களுக்கு 100 சதவீத வரி போட்டது. ஆட்டுப்பால் விற்கும் மியோ பகுதி விவசாயிகள், தங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரு சண்டையில் தங்கள் வயிற்றில் அடிக்கிறார்களே என்று ஆகஸ்ட் 12 அன்று ஊரில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப் போட்டார்கள். அதில் முன்நின்றவர், வியா கம்பெசினாவின் பிரெஞ்சு உறுப்பு அமைப்பைச் சேர்ந்த ஜோசே போவே. அவர் அந்த ஆண்டுக் கடைசியில் உலக வர்த்தக அமைப்புக்கு எதிரான சியாட்டில் போராட்டத்தில் உலகம் அறிந்த முகமானார். வர்த்தக விதியின் விளைவு ஒரு கிராமத்துப் பால்காரர் வரை எப்படி வந்து சேர்கிறது என்பதை எந்தப் பொருளாதாரக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

2003 செப்டம்பர் 10 அன்று மெக்சிகோவின் கான்குனில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டு வளாகத்துக்கு வெளியே, தென்கொரிய விவசாயத் தலைவர் லீ கியுங் ஹே தடுப்பு வேலியின்மேல் ஏறி நின்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உலக வர்த்தக அமைப்பு விவசாயிகளைக் கொல்கிறது என்ற வாசகம் அவரிடம் இருந்தது. இறக்குமதிக்குச் சந்தை திறந்தபின் கடனில் தன் பண்ணையை இழந்தவர் அவர். நான்கு நாளில் கான்குன் பேச்சு முறிந்தது. அதற்கு முக்கியக் காரணம் வளரும் நாடுகளின் எதிர்ப்பு. தெருவில் நடந்தது அந்த எதிர்ப்புக்கு ஊட்டம் தந்தது என்ற அளவில் சொல்வதே நேர்மை.

பதினேழு ஆண்டு வேலை

ஊர்வலத்தைவிடச் சத்தமில்லாமல் நடந்த ஒரு வேலையே இந்த அமைப்பின் பெரிய விளைச்சல் என்பது நம் கணிப்பு. 2001இல் இந்தோனேசிய விவசாயிகள் உழவர் உரிமை பற்றி ஒரு மாநாடு நடத்தினார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பழங்குடிகளுக்கும் தனி உரிமை ஆவணம் இருக்கும்போது உழவருக்கு ஏன் இல்லை என்பது கேள்வி. 2008 ஜூனில் ஜகார்த்தாவில் வரைவு உருவானது. அந்த ஆண்டுதான் உலகெங்கும் உணவு விலை எகிறியது. அந்தச் சூட்டில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் ஆலோசனைக் குழு இதைக் கையில் எடுத்து, 2012இல் ஆய்வை முடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மன்றம், வரைவை எழுத அரசுகளின் பணிக்குழு ஒன்றை அமைத்தது. ஆதரவு 23, எதிர்ப்பு 9, நடுநிலை 15. பொலிவியா தலைமை ஏற்றது.

2013 முதல் 2018 வரை ஜெனீவாவில் ஐந்து அமர்வுகள். விவசாயிகள், ஆலோசனைத் தகுதி உள்ள தொண்டு நிறுவனங்களின் அட்டையில் உள்ளே போய்த் தாங்களே பேசினார்கள். மான்ஸில் போட்ட கோடு எப்படிப் பயன்பட்டது என்பதை இங்கே பார்க்கலாம். கதவைத் திறந்தது தொண்டு நிறுவனம், மைக்கைப் பிடித்தது உழவர். கடைசியில் 2018 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொது அவை அதைப் பிரகடனமாக ஏற்றது. ஆதரவு 121, எதிர்ப்பு 8, நடுநிலை 54. இந்தியா ஆதரித்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எதிர்த்தன. ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலானவை நடுநிலை.

ஆவணத்தில் 28 பிரிவுகள். முதல் பிரிவே ‘யார் உழவர்’ என்று வரையறுக்கிறது. சிறு அளவில், பிழைப்புக்கோ சந்தைக்கோ விளைவிப்பவர், பெருமளவு குடும்ப உழைப்பை நம்புபவர், நிலத்தோடு தனிப் பிணைப்பு உள்ளவர். கூடவே மேய்ப்பர், மீனவர், நிலமற்றவர், கூலி வேலை செய்பவர், புலம்பெயர்ந்த தொழிலாளர் எல்லாரும் வருகிறார்கள். 17ஆம் பிரிவு நிலம். 19ஆம் பிரிவு விதை: தன் வயலில் எடுத்த விதையைச் சேமிக்க, பயன்படுத்த, மாற்றிக்கொள்ள, விற்க உரிமை. பேரம் எங்கே நடந்தது என்பது 15ஆம் பிரிவில் தெரியும். ‘உணவு இறையாண்மை’ என்பதைப் பல நாடுகள் உரிமையாக ஏற்றுக்கொண்டுள்ளன என்ற சுற்றுச்சொல்லில்தான் அது உள்ளே நுழைந்தது.

எங்கே இடறுகிறது

நிலமுள்ளவர், நிலமற்றவர் சிக்கல் முதலாவது. பிரேசிலின் நிலமற்றோர் இயக்கம் ஆள் இல்லாத பண்ணைக்குள் நுழைந்து கூடாரம் போடும் அமைப்பு. பெங்களூரு மாநாட்டை நடத்திய, நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தின் முதுகெலும்பு நிலமுள்ள விவசாயிகள். பன்னாட்டு விதை நிறுவனம் என்ற எதிரி முன் இருவரும் தோளோடு தோள் நிற்பார்கள். நில உச்சவரம்பு, கூலி உயர்வு என்று வந்தால்? விளைபொருளுக்கு விலை கேட்பவரும் விளைச்சலுக்குக் கூலி கேட்பவரும் ஒரே தீர்மானத்தில் கையெழுத்திட வேண்டுமானால் தீர்மானம் பொதுப்படையாகத்தான் இருக்கும். பல ஆவணங்களில் கூலி பற்றிய பகுதி மெலிந்திருப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது வாயிற்காவல். ஒரு நாட்டில் முதலில் சேர்ந்த அமைப்பின் கருத்தைக் கேட்டே புதியவர் சேர்க்கப்படுவதால், பழையவருக்குப் பிடிக்காதவர் வெளியே நிற்க நேரும். இந்த விதி இல்லையென்றால் பெயர்ப்பலகை அமைப்புகள் நுழைந்துவிடும். இருந்தால் நியாயமானவரும் தடுக்கப்படலாம். சரியான விடை இதுவரை அவர்களிடமும் இல்லை.

பணமும் அப்படித்தான். சந்தா சிறிது. விமானச் செலவும் மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் கூட்டாளிகளின் நிதியில். நன்கொடையாளர் மனம் மாறினால் மாநாடு தள்ளிப்போகும்.

கோட்பாட்டை அரசுகள் தழுவிக்கொண்ட இடங்களிலும் ஒரு கண்ணி உண்டு. ஈக்வடார் 2008 அரசியலமைப்பில் உணவு இறையாண்மையை எழுதியது. நேபாளம் 2015 அரசியலமைப்பில் அதை அடிப்படை உரிமைப் பகுதியிலேயே வைத்து, 2018இல் தனிச் சட்டமும் செய்தது. ஏட்டில் ஏறியதும் அந்தச் சொல் அரசின் சொல்லாகிவிடுகிறது. ‘நாம் தன்னிறைவு அடைந்தோம்’ என்ற அமைச்சர் உரையில் அது கரைந்துபோகும். நிலம் யார் பேரில் இருக்கிறது என்ற கேள்வி அங்கேயே நிற்கும்.

ஐ.நா. பிரகடனத்துக்கும் சட்டப் பிடி இல்லை. அது உடன்படிக்கை அல்ல, மீறினால் வழக்கில்லை. 2023 அக்டோபரில் மனித உரிமை மன்றம் அதன் நடைமுறையைப் பின்தொடர நிபுணர் குழு அமைத்திருக்கிறது. அவ்வளவுதான் இப்போதைய கைப்பிடி. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் யூபோவ் 1991 என்ற தாவர ரக உடன்படிக்கை நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை விவசாயி அடுத்தவருக்கு விற்பதற்கோ மாற்றிக்கொள்வதற்கோ அதில் வழியில்லை. தன் வயலிலேயே திரும்ப விதைக்கவும் அந்தந்த அரசு விலக்கு அளித்தால்தான் முடியும். இருதரப்பு வர்த்தக ஒப்பந்தங்களில் ‘யூபோவில் சேர வேண்டும்’ என்ற நிபந்தனை ஒரு வரியாக நுழைகிறது. 19ஆம் பிரிவுக்குக் கை தூக்கிய நாடே இந்த வரியிலும் கையெழுத்திடலாம். இரண்டும் வெவ்வேறு அமைச்சகம், வெவ்வேறு அறை. முதல் அறைக்குள் உழவர் போய்ச் சேரப் பதினேழு ஆண்டுகள் ஆனது. இரண்டாவது அறையின் வரைவு கையெழுத்தாகும் நாள்வரை பெரும்பாலும் வெளியே தெரிவதேயில்லை.